எதை எடுப்பது? ஒரு பாடத்திட்டத்தைத் திருத்திய அனுபவம்

2017 நவம்பர் செமஸ்டரில் ‘இந்தியப் பொருளாதாரம்’ தாளை எழுதிய இரண்டாமாண்டு மாணவர் ஒருவருக்கு நான் ஐந்துக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். கேள்வி, ‘திட்டக் குழுவின் பணிகளை எழுதுக’ என்பது. ஐந்தாண்டுத் திட்டங்களை வகுத்த அமைப்பு அது. மற்றவர்கள் மனப்பாடம் செய்த ஆறேழு பணிகளை வரிசையாக எழுதியிருக்க, இவர் மூன்றே வரிகள் எழுதியிருந்தார்: ‘திட்டக் குழு இப்போது இல்லை. 2015 ஜனவரி 1 முதல் நிதி ஆயோக் இருக்கிறது. அதற்கு மாநிலங்களுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் கிடையாது.’ கையில் இருந்த விடைக் குறிப்பில் ஆறு பணிகள் அச்சாகியிருந்தன. இந்த மூன்று வரிகளுக்கு அதில் இடமில்லை. பதிவெண்ணுக்குப் பதிலாக டம்மி எண் ஒட்டிய தாள் என்பதால் எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. எனினும், நிதி ஆயோக்கைப் பற்றி வகுப்பில் போகிற போக்கில் சொன்னவன் நான்தான் என்பது தெரியும். ஒரு மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

தென்மாவட்டத் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் பொருளாதாரத் துறையில் அப்போது நான் பதினான்கு ஆண்டுகள் பணிபுரிந்திருந்தேன். எங்கள் பாடத்திட்டம் 2014 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதாவது, திட்டக் குழு கலைக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு. மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டியது, தரமதிப்பீட்டுக்கான கோப்பு வேலைகளில் ஓராண்டு தள்ளிப்போயிருந்தது. இதற்கிடையில் பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்து, பதின்மூன்றாவது வரவேயில்லை. ரயில்வேக்குத் தனி பட்ஜெட் என்பது அதே ஆண்டில் நின்றுபோனது. திட்டச் செலவு, திட்டம்சாராச் செலவு என்ற பாகுபாடும் நிதிநிலை அறிக்கையிலிருந்து மறைந்தது. ஜூலை மாதம் ஜி.எஸ்.டி. வந்தது. எங்கள் பாடத்திட்டமோ 2002-இல் போட்டிச் சட்டம் இயற்றப்பட்ட பிறகும், 1969-ஆம் ஆண்டின் ஏகபோக வணிகத் தடைச் சட்டத்தையே நடைமுறையில் இருப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தது. இதைக் கவனிக்காதவர்கள் யாரும் துறையில் இல்லை. வகுப்பில் புதியதைச் சொல்வது, தேர்வுக்குப் பழையதை எழுதச் சொல்வது என்ற ஏற்பாட்டுக்கு எல்லோருமே பழகியிருந்தோம்.

அடுத்த மாதம் நடந்த துறைக் கூட்டத்தில், அந்தத் தாளைத் திருத்தி எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பொதுவாக எங்களிடம் திருத்தம் என்றால் சேர்த்தல் என்றே பொருள். பாடத்திட்டக் குழுவில் துறை ஆசிரியர்களோடு வெளிக்கல்லூரி வல்லுநர் இருவர், பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில் துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் என்று அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு தலைப்பைச் சேர்க்கச் சொல்வார்கள். மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவாகப் போய்விடும் என்பதால் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வோம். இருபது சதவீதம் மாறியிருந்தால்தான் திருத்தமாகக் கணக்கில் வரும் என்று கல்லூரியில் ஒரு கணக்கும் உண்டு. அந்த இருபதைச் சேர்த்தலிலேயே காட்டிவிட முடியும். இப்படி நான்கு திருத்தங்களைக் கண்ட எங்கள் தாள், ஐந்து அலகுகளிலும் சேர்த்து அறுபத்திரண்டு தலைப்புகளைச் சுமந்துகொண்டிருந்தது.

முதலில் அலுவலகத்துக்குப் போய் ஐந்தாண்டு வினாத்தாள்கள் பத்தையும் வாங்கி வந்து, ஒரு நீள நோட்டில் அறுபத்திரண்டு தலைப்புகளையும் எழுதி, ஒவ்வொரு கேள்வியும் எந்தத் தலைப்பிலிருந்து வந்தது என்று கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு சனிக்கிழமை பிற்பகலில் முடிந்துவிடுகிற வேலைதான் இது. பாடத்திட்டத் திருத்தத்தில் இறங்கும் எவரும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன். பத்தொன்பது தலைப்புகளில் ஒரு கேள்விகூட வந்திருக்கவில்லை. பசுமைப் புரட்சியும், ஐந்தாண்டுத் திட்டங்களின் நோக்கங்களும், வேலையின்மையின் வகைகளும் ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் இருந்தன. கல்லூரி வாசலுக்கு எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ‘முக்கிய வினா விடை’ என்று பன்னிரண்டு பக்கத் தொகுப்பு ஒன்று விற்கும். மாணவர்களைக் கண்டிக்கும்போது அதைப் பலமுறை குறிப்பிட்டிருக்கிறேனே தவிர, வாங்கிப் பார்த்ததில்லை. அன்று வாங்கினேன். என் நோட்டில் அதிகக் கோடுகள் விழுந்த தலைப்புகளும் அந்தப் பன்னிரண்டு பக்கங்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. எங்கள் மாணவர்கள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள் என்பதை அந்தக் கடைக்காரர் எங்களைவிடத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தார்.

அடுத்து மணிக்கணக்கு. ஒரு செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலை நாட்கள். ஆறு நாள் டே ஆர்டரில், அதாவது கிழமை பார்க்காமல் ஆறு நாளுக்கொருமுறை திரும்பும் கால அட்டவணையில், பதினைந்து சுற்றுகள். எங்கள் தாளுக்குச் சுற்றுக்கு ஐந்து மணி நேரம் என்றால் எழுபத்தைந்து மணி. பாடத்திட்டத்தின் தலைப்பிலும் எழுபத்தைந்து என்றே அச்சாகியிருந்தது. முந்தைய இரண்டு செமஸ்டர்களின் என் வருகைப் பதிவேட்டை எடுத்து எண்ணியபோது, அகமதிப்பீட்டுத் தேர்வுகள், விளையாட்டு விழா, முகாம், மழை விடுமுறை எல்லாம் போக வகுப்பு நடந்தது ஒருமுறை ஐம்பத்தெட்டு மணி, மறுமுறை அறுபத்தொன்று. முதல் அலகுக்கு மட்டும் பத்தொன்பது மணி செலவழித்திருந்தேன். ஐந்தாவது அலகுக்கு ஆறு. வறுமைக் கோடு, வெளிநாட்டு வணிகம், பொதுக் கடன் ஆகியவை அந்த ஐந்தாவது அலகில்தான் இருந்தன. ‘வளர்ச்சி குன்றிய பொருளாதாரத்தின் இயல்புகள்’ என்ற தலைப்பை ஆறு மணி நேரம் நடத்திவிட்டு, பட்ஜெட்டை ஒரு மணி நேரத்தில் முடித்தவன் நான் என்று என் கையெழுத்தே சொன்னது. ஆகவே புதிய வரைவை எழுபத்தைந்துக்கு அல்லாமல் ஐம்பத்தைந்து மணிக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். ஏட்டில் எழுபத்தைந்து என்றே இருக்கட்டும். அதை மாற்றுவது நம் கையில் இல்லை.

முன்னாள் மாணவர்கள் பதினொரு பேரிடமும் பேசினேன். வங்கியில் கிளார்க்காக இருப்பவர், மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர், ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர், மூன்றாண்டாக டி.என்.பி.எஸ்.சி. எழுதிக்கொண்டிருப்பவர் என்று பலவகையினர். ‘எது பயன்பட்டது?’ என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்காக ‘எல்லாமே பயன்பட்டது சார்’ என்றார்கள். கேள்வியை மாற்றி, ‘வேலைக்குப் போனபிறகு எது தெரியாமல் திண்டாடினீர்கள்?’ என்று கேட்ட பிறகே பதில் வந்தது. ஓர் அட்டவணையைக் கையில் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை என்பதை ஆறு பேர் வெவ்வேறு சொற்களில் சொன்னார்கள். வங்கியில் இருப்பவர், ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) மாறினால் வாடிக்கையாளரின் வீட்டுக்கடன் தவணை ஏன் மாறுகிறது என்று ஒரு பெரியவர் கேட்டபோது தான் விழித்ததை வெட்கத்தோடு சொன்னார். போட்டித் தேர்வு எழுதுபவர் மட்டும், பாடத்திட்டத்தையே டி.என்.பி.எஸ்.சி.யின் பொருளாதாரப் பகுதியோடு பொருத்திவிடலாம் என்றார். துறையிலும் இருவருக்கு அந்த எண்ணம் இருந்தது. அதை நான் ஏற்கவில்லை. கொள்குறி வினாக்களுக்கு ஆண்டையும் பெயரையும் நினைவில் வைக்கப் பயிற்சி தர ஊரில் ஆறு மையங்கள் இருக்கின்றன. அட்டவணையைப் படிக்கச் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

நீக்கும் வேலை இனிதான் தொடங்கியது. 1948, 1956, 1977, 1980, 1991 ஆகிய ஆண்டுகளின் தொழிற்கொள்கைகள் அனைத்தும் பழைய பாடத்திட்டத்தில் தனித்தனித் தலைப்புகளாக இருந்தன. 1956-ஐயும் 1991-ஐயும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடலாம் என்றேன். பொதுத்துறையைப் பொருளாதாரத்தின் உச்சியில் அமர்த்திய கொள்கையையும், உரிமம் வழங்கும் முறையைப் பெருமளவு கைவிட்ட கொள்கையையும் அருகருகே வைத்துப் படித்தால் இடையில் நடந்தவை தாமே விளங்கும் என்பது என் வாதம். எங்கள் மூத்த பேராசிரியர், 1977 கொள்கையால்தான் மாவட்டத் தொழில் மையங்கள் வந்தன என்பதை எடுத்துச்சொல்லி, ‘அது தெரியாமல் ஒருவன் பொருளாதாரப் பட்டதாரி என்று எப்படிச் சொல்லிக்கொள்வான்?’ என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு தலைப்புக்கும் இப்படி ஒரு நியாயம் உண்டு என்பதுதான் தொல்லையே. விவாதத்தை நியாயத்தின்பேரில் நடத்தினால் எதையும் நீக்க முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன். அதனால் வரைவின் வலது ஓரத்தில் ‘மணி’ என்றொரு பத்தியை வரைந்து, ஐம்பத்தைந்தையும் பங்கிட்டு, ‘எந்தத் தலைப்பையும் சேர்க்கலாம், அதற்கான மணி எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்’ என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். மூத்தவர் இரண்டு நாள் அந்தத் தாளை வைத்திருந்துவிட்டு, மாவட்டத் தொழில் மையத்தைச் சிறுதொழில் பகுதியில் அரை மணி நேரத்துக்குள் அடக்கித் திருப்பித் தந்தார். நான் செய்திருந்த பங்கீட்டைவிட அது மேலானது.

பன்னிரண்டு ஐந்தாண்டுத் திட்டங்களையும் வரிசையாக நடத்துவதை விட்டு, இரண்டாவது திட்டம் ஒன்றை மட்டும் விரிவாக எடுத்துக்கொண்டோம். 1956 முதல் 1961 வரையிலான அந்தத் திட்டத்தில்தான், கனரகத் தொழில்களுக்கு முதலிடம் தரும் மகலனோபிஸ் மாதிரி வருகிறது. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் உருக்காலைகள் வருகின்றன. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே 1956-இல்தான். திட்டமிடல் என்பது என்ன, அதில் எது கைகூடியது, எது கைகூடவில்லை என்பதை ஒரு திட்டத்தை ஏழு மணி நேரம் படித்தால் சொல்லிவிட முடியும். பன்னிரண்டு திட்டங்களைத் தலைக்கு அரை மணி நேரம் படித்தால் நோக்கங்களின் பட்டியல் மட்டுமே மிஞ்சும். இது நான் மிகவும் விரும்பிச் செய்த மாற்றம்.

தமிழ்வழி மாணவர்களால் வேறொரு சிக்கல் எனக்குப் புலப்பட்டது. நிதி ஆயோக், நிதிக் குழு இரண்டையும் ஒன்றென்றே பலர் எழுதுவதை விடைத்தாள்களில் பார்த்திருந்தேன். அவர்கள்மேல் தவறில்லை. இந்தியில் கொள்கையைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் ‘நிதி’ என்று ஒலிபெயர்த்து வைத்திருக்கிறோம். தமிழில் நிதி என்றால் பணம். அரசமைப்புச் சட்டத்தின் 280-ஆவது பிரிவின்கீழ் அமைக்கப்படுகிற, வரி வருவாயை மாநிலங்களுக்குப் பங்கிடப் பரிந்துரைக்கிற அமைப்புக்கும் நிதிக் குழு என்றே பெயர். பணம் பங்கிடாத அமைப்பின் பெயரில் நிதி இருக்கும்போது மாணவர் குழம்பாமல் என்ன செய்வார்? இதேபோல் ஒரே கருத்துக்குப் பாடப்புத்தகம் ‘பணவியல் கொள்கை’ என்றும், நான் ‘பணக் கொள்கை’ என்றும், வெளியிலிருந்து வினாத்தாள் தயாரிப்பவர் ‘நாணயக் கொள்கை’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு செமஸ்டரில் பத்து மதிப்பெண் கேள்வியை இருபது பேர் தொடாமலே விட்டதற்குக் காரணம் இந்தச் சொல் மாற்றம்தான் என்று பிறகு தெரிந்தது. ஆகவே பாடத்திட்டத்தின் பின்னிணைப்பாக எண்பது கலைச்சொற்களைக் கொண்ட பட்டியல் ஒன்றைச் சேர்த்தோம். வகுப்பு, வினாத்தாள், விடைக் குறிப்பு மூன்றிலும் அந்தச் சொல்லே வரவேண்டும் என்று குழுவின் தீர்மானமாகவே எழுதிவைத்தோம். செலவில்லாத இந்தத் திருத்தத்தால் விளைந்த நன்மையை நான் முதலில் குறைத்தே மதிப்பிட்டிருந்தேன்.

கற்றல் விளைவுகளை எழுதும் பகுதியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ‘மாணவர் இந்தியப் பொருளாதாரத்தின் தன்மையைப் புரிந்துகொள்வர்’ என்பது போன்ற வாக்கியங்களை, புரிந்துகொண்டாரா என்று எப்படிச் சோதிப்பீர்கள் என்று வெளி வல்லுநர் ஒருவர் கேட்ட பிறகு, ‘கணக்கிடுவர்’, ‘ஒப்பிடுவர்’, ‘அட்டவணையிலிருந்து எடுத்துக்காட்டுவர்’ என்று மாற்றினோம். அது நல்ல மாற்றம். விளைவுகளை மூன்று, இரண்டு, ஒன்று என்ற எண்களால் பட்டத்தின் நோக்கங்களோடு பொருத்திக் காட்டும் அட்டவணையையோ, கூட்டத்துக்கு முதல்நாள் இரவு ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பினேன். எந்தக் கட்டத்தில் ஏன் இரண்டு போட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

2018 மார்ச் மாதம் குழு ஒப்புதல் தந்தது. 2018-இல் சேர்ந்தவர்கள் மூன்றாம் செமஸ்டருக்கு வந்த 2019 ஜூன் மாதம் புதிய தாள் வகுப்புக்கு வந்தது. அதில், விலைவாசி எவ்வளவு ஏறியது என்பதைக் காட்டும் விலைக் குறியீட்டெண் பற்றிய பகுதியை மட்டும் இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில் மாதந்தோறும் வாங்கும் பத்துப் பொருட்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டுச் செலவில் ஒவ்வொன்றின் பங்கை நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட்டு, ஜூலை முதல் வாரத்து விலையை நூறாக வைத்துக்கொண்டு, வாரந்தோறும் விலை எழுதிவர வேண்டும். எட்டு வாரம் என்று தொடங்கியது, மாணவர்களே விடாததால் பதின்மூன்று வாரம் நீண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் பல்லாரி (பெரிய வெங்காயம்) விலை ஏறத் தொடங்கியது. செலவில் எட்டுப் பங்கு உள்ள ஒரு பொருளின் விலை இரு மடங்கானால் மொத்தக் குறியீட்டெண் எட்டுப் புள்ளி ஏறும் என்பதைக் கரும்பலகையில் நான் எத்தனை முறை போட்டுக் காட்டியிருப்பேனோ தெரியாது. உழவர் சந்தையில் தாமே விலை கேட்டு எழுதிவந்த எண்களில் அது தானாக வெளிப்பட்டபோதுதான் வகுப்பில் சலசலப்பு எழுந்தது. செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை, மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. மறுநாள் வகுப்பில் நான் வாயைத் திறக்குமுன், ஏற்றுமதித் தடையால் நமக்கு விலை குறையும், நாசிக்கில் பயிரிட்டவனுக்கு என்ன ஆகும் என்று இரு கட்சிகளாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வேளாண்மை அலகையும் வெளிநாட்டு வணிக அலகையும் இணைக்க நான் தனியாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அதே பயிற்சியில் தாமிரபரணிக் கரைக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் கேட்ட கேள்வியை மறக்க முடியாது. ‘எங்கள் வீட்டில் அரிசிக்குக் காசே கொடுப்பதில்லை சார், ரேஷனில் இலவசமாக வருகிறது. மூன்று வேளையும் சாப்பிடுவது அதைத்தான். அதன் பங்கு பூஜ்யம் என்று போடவா?’ தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். பூஜ்யம் என்று போட்டால் அந்தக் குடும்பத்தின் உணவில் அரிசியே இல்லை என்றாகும். சந்தை விலையைப் போட்டால் அவர்கள் செலவழிக்காத பணத்தைச் செலவழித்ததாகக் காட்டுவோம். அப்போதைக்கு, இரண்டு விதமாகவும் கணக்கிட்டு இரண்டையும் எழுதச் சொன்னேன். அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் உணவுக்கும் பானங்களுக்கும் அப்போது இருந்த 45.86 சதவீதப் பங்கை ஆண்டுதோறும் எழுதிப்போட்டவனுக்கு, அந்தப் பங்கு யாருடைய வீட்டுச் செலவிலிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வி அதற்குமுன் தோன்றியதில்லை.

இனி நடந்த சறுக்கல். மொத்தம் 75 மதிப்பெண்ணுக்கான எங்கள் வினாத்தாளில் பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், ஐந்து ஐந்து மதிப்பெண் வினாக்கள், மூன்று பத்து மதிப்பெண் வினாக்கள் என்பது அமைப்பு. கடைசிப் பகுதியின் ஒரு கேள்வி கட்டாயமாக ஓர் அட்டவணையைத் தந்து அதிலிருந்து கேட்கப்பட வேண்டும் என்று மாற்றியிருந்தோம். 2019 நவம்பர் தேர்வில் ஆங்கிலப் பகுதியில் அட்டவணை இருந்தது. தமிழ்ப் பகுதியில் ‘கீழ்க்காணும் அட்டவணையைக் கொண்டு’ என்ற தொடருக்குக் கீழே இரண்டு அங்குலம் வெற்றிடம் இருந்தது. கண்காணிப்பாளர்கள் ஒவ்வோர் அறையாகப் போய்ச் சொல்வதற்குள் அரை மணி நேரம் கழிந்துவிட்டது. போதாக்குறைக்கு அந்தக் கேள்வியும், அட்டவணையைப் பார்க்காமலே நோட்ஸிலிருந்து எழுதிவிடக்கூடிய கேள்வியாகவே இருந்தது. வினாத்தாள் தயாரித்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு நாங்கள் அனுப்பியது மூன்று பக்கப் பாடத்திட்டம் மட்டுமே. எப்படிப்பட்ட கேள்வி வேண்டும் என்பதற்கு மாதிரி ஒன்றுகூட அனுப்பவில்லை. பாடத்திட்டத்தை மாற்ற மாதக்கணக்கில் உழைத்தவர்கள், அதோடு ஒரு மாதிரி வினாத்தாளை எழுத ஐந்து மணி நேரம் ஒதுக்கியிருக்கவில்லை. அடுத்த செமஸ்டர் முதல், ஒவ்வோர் அலகிலிருந்தும் எத்தனை கேள்வி, எந்த வகைக் கேள்வி என்ற வரைபடத்தையும், இரண்டு மாதிரி வினாத்தாள்களையும், விடைக் குறிப்பையும் பாடத்திட்டத்தின் பகுதியாகவே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறோம். விடைக் குறிப்பின் கடைசி வரி, ‘பாடத்தில் இல்லாததாயினும் சரியான தகவலுக்கு மதிப்பெண் வழங்கலாம்’ என்றிருக்கும். அந்த வரியைக் குழுவில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முந்தைய ஆண்டு ஐம்பத்தெட்டுப் பேரில் ஆறு பேர் தேர்ச்சி பெறாதிருந்த தாளில், அந்த முறை பதினான்கு பேர் தவறினார்கள். முதல்வர் அழைத்து விளக்கம் கேட்டார். அட்டவணைக் கேள்வியைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘பழைய பாடத்திட்ட அரியர்காரர்களுக்கும் தனி வினாத்தாள் தயாரிக்க வேண்டுமே, அதைக் கணக்கில் எடுத்தீர்களா?’ என்றார். எடுக்கவில்லை. திருத்தம் ஒவ்வொன்றும் பின்தங்கிய மாணவர்களை ஒரு பழைய பாடத்திட்டத்தோடு தனியே விட்டுச் செல்கிறது என்பதும், அவர்களுக்கு வகுப்பு எடுக்க யாரும் இருக்கமாட்டார்கள் என்பதும் அன்றுதான் உறைத்தது. பழைய தலைப்புகளில் எவை புதியதில் எங்கே இருக்கின்றன என்று ஒரு பக்க ஒப்பீட்டுத் தாள் தயாரித்து, அரியர் வைத்திருந்த மாணவர்களுக்குக் கொடுத்தோம். தாமதமாகச் செய்த வேலை அது.

பாடத்திட்டம் விரைவில் மூப்படையாமல் இருக்கவும் ஒரு வழி தேவைப்பட்டது. ஓர் அலகை முழுவதுமாக ஆண்டுதோறும் துறையே மாற்றிக்கொள்ளலாம் என்று முதலில் கேட்டோம். கல்விக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புதல் பெறாத பகுதியில் தேர்வு நடத்த முடியாது என்றார்கள், அதுவும் சரிதான். பிறகு சொற்களை மாற்றினோம். ஆண்டையும் திட்டத்தின் பெயரையும் பாடத்திட்டத்தின் உடலில் எழுதாமல், ‘நடப்பு ஆண்டின் மத்திய, மாநில நிதிநிலை அறிக்கைகளை வாசித்தல்’, ‘அண்மைய நிதிக் குழுவின் பங்கீட்டு அளவுகோல்கள்’ என்று எழுதினால், ஒப்புதல் ஒருமுறை போதும். பதின்மூன்றாம் நிதிக் குழுவில் 4.969 சதவீதமாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு, பதினான்காம் குழுவில் 4.023, பதினைந்தாம் குழுவில் 4.079 என்று மாறியதை மாணவர்கள் அளவுகோல்களோடு சேர்த்து ஆராய, பாடத்திட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. எண்கள் மட்டும் தனித்தாளாக ஆண்டுதோறும் ஜூன் மாதம் வகுப்பில் வழங்கப்படும்.

நூற்பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பட்டியலில் இருந்த பன்னிரண்டு நூல்களில் ஏழு எங்கள் நூலகத்தில் இல்லை. இருந்தவற்றிலும் இரண்டு, துறை அலமாரியில் பூட்டிக் கிடந்தன. இப்போது ஐந்து படிகளாவது நூலகத்தில் உள்ள நூலையே பாடநூல் என்று குறிப்பிடுகிறோம், எந்தப் பக்கங்கள் என்பதோடு. பட்டியல் நான்கு நூல்களாகச் சுருங்கிவிட்டது என்று வெளி வல்லுநர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார்.

2023-இல் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வந்தபோது, தன்னாட்சிக் கல்லூரிகள் பலவற்றில் எழுந்த எதிர்ப்பு எங்களிடமும் எழுந்தது. எனினும் தலைப்புகள் எங்கிருந்து வந்தாலும் மணிப் பங்கீடு, சொற்பட்டியல், வினாத்தாள் வரைபடம் ஆகியவை நம் கையில்தான் இருக்கின்றன என்பதால், எங்கள் தாள் அதிகம் சேதமடையவில்லை. அடுத்த பிப்ரவரியில் 2022-23-ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகள் வந்தன. ஊர்ப்புறத்தில் ஒருவருக்குச் சராசரி மாதச் செலவு 3,773 ரூபாய். இலவசமாகக் கிடைத்த பொருட்களின் மதிப்பையும் சேர்த்தால் 3,860 ரூபாய். இரண்டு எண்களையும் தனித்தனியே வெளியிட்டிருந்தார்கள். ரேஷன் அரிசிக்கு என்ன செய்வது என்று கேட்ட மாணவிக்கு அந்த அட்டவணையைப் படமெடுத்து அனுப்பினேன். அவர் இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறார். ‘நாம் அன்றைக்கே போட்டோமே சார்’ என்று பதில் வந்தது.

அடுத்த திருத்தத்துக்கான கூட்டம் வரும் மார்ச்சில் நடக்கவிருக்கிறது. துறையில் சேர்ந்து மூன்றாண்டே ஆன உதவிப் பேராசிரியர் ஒருவர் பொறுப்பை ஏற்றிருக்கிறார். காலநிலை மாற்றத்துக்கும், செயலி வழியே வேலை செய்யும் உணவு விநியோக ஊழியர்களின் வாழ்வுக்கும் எட்டு மணி நேரம் வேண்டும் என்றும், அதற்காக மகலனோபிஸ் மாதிரியையும் இரண்டாவது திட்டத்தையும் இரண்டு மணி நேரமாகக் குறைக்கலாம் என்றும் வரைவு கொண்டுவந்தார். ‘நெய்வேலி தெரியாமல் ஒருவன் எப்படிப் பொருளாதாரப் பட்டதாரி...’ என்று தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அலமாரியைத் திறந்து, பழைய நீள நோட்டையும் அண்மைய பத்து வினாத்தாள்களையும் அவரிடம் எடுத்துக் கொடுத்தேன். எதிர் மேசையில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.